முதல்ல வெட்டுறது படகு வாடகையத்தான்

2019 செப்டம்பர்ல எங்க பக்கத்துக் கடல் பச்சையாச்சு. பச்சைன்னா பாசி புடிச்ச ஊருணித் தண்ணி மாதிரி, அலை கரையில வந்து விழுறப்ப நுரை கூடப் பச்சையா இருந்துச்சு. எங்க ஆளுக அதப் பூங்கோரைன்னு சொல்வாங்க, முன்னாடியும் வந்திருக்கு, ஆனா அந்தத் தடவ பாம்பன் மண்டபம் பக்கமெல்லாம் மீன் செத்து ஒதுங்குச்சு. எங்க ஊரு மண்டபத்துக்கும் பெரியபட்டினத்துக்கும் நடுவுல, அப்பா நாட்டுப்படகுல போறவர். நான் அப்ப எம்.எஸ்சி. முடிச்சு ஒரு வருஷம் ஆகியிருந்துச்சு, கடல் அறிவியல் படிச்சவ. கரைக்குப் போனேன், அங்க பெரியப்பா செத்துக் கெடந்த ஓரா மீன் ஒண்ண எடுத்து செவுளப் பிரிச்சுக் காமிச்சு, "ஏத்தா, நீ கடலப் பத்தித்தான படிச்ச, இது ஏன் சாகுது?"ன்னு கேட்டார்.

நான் சொன்னேன். கண்ணுக்குத் தெரியாத சின்ன உயிரு கோடிக்கணக்குல பெருகிருது பெரியப்பா, அது செத்து அழுகுறப்ப தண்ணியில இருக்குற ஆக்சிஜன் கொறஞ்சிரும், மீனு மூச்சு முட்டிச் செத்துரும்னு. சுத்தி நின்ன எல்லாரும் கேட்டாங்க, தலையாட்டினாங்க. அப்பறம் பெரியப்பா சாதாரணமா அடுத்த கேள்வி கேட்டார், "எம்புட்டுக் கொறஞ்சிருக்கு?"

என்கிட்ட பதில் இல்ல. அத எப்படி அளக்கணும்னு எனக்குத் தெரியும், பரீட்சையில எழுதி நல்ல மார்க்கும் வாங்கியிருக்கேன், ஆனா அது வரைக்கும் ஒரு தடவ கூட என் கையால அளந்ததில்ல. மண்டபத்துல இருக்குற மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க வந்து தண்ணி எடுத்துட்டுப் போனாங்க, அவங்க அளந்தாங்க. கடற்கரையில பொறந்து, கடலப் பத்தியே ரெண்டு வருஷம் படிச்ச நான் கைய கட்டிக்கிட்டு நின்னேன். அன்னைக்கு நின்ன அந்த நிலைய நெனச்சாத்தான் இந்தக் கட்டுரையே.

ஏன் அளந்ததில்லன்னா, நாங்க படிச்ச வருஷம் ரசாயனம் வாங்கல. எந்தப் பல்கலைக்கழகம்னு இங்க சொல்ல வேணாம், அது அங்க மட்டும் நடந்த கதை இல்ல. மானியம் வரல, வந்ததும் சம்பளத்துக்கே சரியாப் போச்சு, லேப் செலவுக்கு அடுத்த வருஷம் பாப்போம்னுட்டாங்க. அடுத்த வருஷம்னா அது எங்களுக்கு இல்ல, எம்.எஸ்சி. மொத்தமே ரெண்டு வருஷந்தான்.

அந்தச் சோதனைக்கு விங்க்ளர் முறைன்னு பேரு, பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சமாச்சாரம், பெரிய மெஷின் எதுவும் வேணாம். கண்ணாடி மூடி போட்ட 300 மில்லி பாட்டில்ல குமிழ் இல்லாம தண்ணி புடிக்கணும், அதுல மாங்கனீசு சல்பேட் கொஞ்சம், காரம் கலந்த அயோடைடு கொஞ்சம் விட்டு மூடித் தலைகீழா ஆட்டணும். தண்ணியில ஆக்சிஜன் இருந்தா பழுப்பா மேகம் மாதிரி எறங்கும். ஆக்சிஜன் இல்லன்னா வெள்ளையா நிக்கும், அவ்வளவுதான், பாத்த ஒடனே தெரிஞ்சிரும். அப்பறம் கந்தக அமிலம் விட்டா அந்தப் பழுப்பு கரைஞ்சு மஞ்சளாகும், தயோசல்பேட்ட சொட்டுச் சொட்டா விட்டு வைக்கோல் நெறத்துக்கு வந்ததும் கஞ்சித் தண்ணி மாதிரி ஸ்டார்ச் விட்டா சட்டுனு கருநீலம், மறுபடியும் சொட்டுச் சொட்டா விட்டுக்கிட்டே வந்தா ஒரே ஒரு சொட்டுல நீலம் காணாமப் போயிரும். அந்தச் சொட்டோட கணக்குத்தான் ஆக்சிஜன் கணக்கு. எங்க மேடம் இத கலர் சாக்பீஸ்ல போர்டுல வரைஞ்சு காமிச்சாங்க. பழுப்புக்குச் செவப்பும் மஞ்சளும் சேத்துத் தேச்சாங்க, நீலத்துக்கு நீலம். அவங்க மேல ஒரு குத்தமும் இல்ல, கைக்காசுல பாட்டில் வாங்கி வச்சவங்க அவங்க. நாங்க ரெக்கார்டு நோட்டுல அழகா வரைஞ்சோம், போன பேட்ச் நோட்டுலேர்ந்து ரீடிங் எடுத்து எழுதினோம். படகுல நாலு தடவ கடலுக்குப் போகணும்னு பாடத்திட்டத்துல இருந்துச்சு, ஒரே ஒரு தடவ போனோம், அதுவும் படகுல இல்ல, பாலத்து மேல நின்னு வாளியக் கயித்துல கட்டி எறக்கித் தண்ணி மோந்தோம்.

இப்ப எதுக்கு இத எழுதுறேன்னா, மாநிலத்துல காசு முடையா இருக்கு, அடுத்து பல்கலைக்கழக மானியத்துல கை வைப்பாங்கன்னு திரும்பவும் பேச்சு ஓடுது. எந்தப் பல்கலைக்கழகத்துலயும் ரெண்டு பேரு டீ குடிக்கிற எடத்துல இதான் பேச்சு. வெட்டு வருமா வராதாங்கறத விட, வந்தா எத முதல்ல வெட்டுவாங்கங்கறதுதான் எனக்குக் கவலை, ஏன்னா அது எனக்கு ஏற்கெனவே தெரியும்.

ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தோட நிதிப் பிரிவுல வேல பாக்குற அண்ணன் ஒருத்தர் எங்களுக்குப் பழக்கம். அவர்கிட்ட ஒரு தடவ உக்காந்து, அண்ணே காசு எங்கேர்ந்து வருது எங்க போகுதுன்னு கொஞ்சம் சொல்லுங்கன்னு கேட்டேன். அவர் சொன்னது நான் பேப்பர்ல படிச்சத விடத் தெளிவா இருந்துச்சு. வரவு பக்கம் மூணு நாலு வகைதான். மாநில அரசு குடுக்குற தொகுப்பு மானியம், இணைப்புக் கல்லூரிகள்கிட்டேர்ந்து வர்ற கட்டணம், பிள்ளைக கட்டுற தேர்வுக் கட்டணம், தொலைநிலைக் கல்வி. செலவு பக்கம் சம்பளம், ஓய்வூதியம், அதுக்கப்பறம் மிச்சம். சம்பளத்த நிறுத்த முடியாது, நிறுத்தினா மறுநாள் வாசல்ல பந்தல் போட்டு உக்காந்துருவாங்க, உக்காரவும் வேணும். ஓய்வூதியத்த நிறுத்தினா பாவம். கரண்ட் பில்லு கட்டித்தான் ஆகணும். அப்ப வெட்டுறதுக்குன்னு கையில இருக்குறது அந்த மிச்சந்தான், அந்த மிச்சத்துலதான் லேப் ரசாயனம், களப்பயணம், புத்தகம், படகு வாடகை எல்லாம் கெடக்கு. "நாங்க கெட்ட எண்ணத்துல வெட்டல தங்கச்சி, கத்தி போற எடம் அதான்"னார்.

அந்த மானியமும் சொன்ன தேதியில முழுசா வந்துராது. உள்ளாட்சி நிதித் தணிக்கை நடக்கும், எதிர்ப்பு போடுவாங்க, அனுமதி இல்லாத பதவிக்குச் சம்பளம் குடுத்தீங்க, விதிக்கு மாறா பதவி உயர்வு குடுத்தீங்கன்னு, அது தீர்ற வரைக்கும் தொகை நிக்கும். தணிக்கை தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், பல எடத்துல அள்ளி எறைச்சிருக்காங்க, கேள்வி கேக்கத்தான் வேணும். ஆனா அந்தப் பதவி உயர்வு வாங்கினவரும் அதுக்குக் கையெழுத்துப் போட்டவரும் எப்பவோ ரிட்டயர்டு ஆகிப் போயாச்சு, நின்ன தொகைக்குப் பதிலா தயோசல்பேட் இல்லாமப் போனது எங்க கிளாஸுக்கு.

தொலைநிலைக் கல்வி ஒரு காலத்துல கறவை மாடு மாதிரி இருந்துச்சு. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1966ல ஆரம்பிச்சது, தபால் வழியா எத்தனை ஆயிரம் பேரு அதுல படிச்சாங்க, எங்க ஊர் வாத்தியார்ல பாதிப் பேரு அங்க அஞ்சல்ல பி.ஏ. எம்.ஏ. முடிச்சவங்கதான். பல்கலைக்கழகங்களுக்கு விதி போடுற மத்திய மானியக்குழு, அதான் யு.ஜி.சி., விதிய இறுக்கினப்பறம் எல்லை தாண்டி மையம் வைக்க முடியாது, கல்லூரி பல்கலைக்கழகத் தரம் பாக்குற நாக் குடுக்குற மதிப்பெண் இல்லாம நடத்த முடியாதுன்னு ஆச்சு, வரவு விழுந்துச்சு. அதுக்கு முன்னாடியே நம்ம ராமநாதபுரம் சிவகங்கைக் கல்லூரிக காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்துக்கும், தெற்குக் கல்லூரிக 1990ல வந்த மனோன்மணியம் சுந்தரனாருக்கும் போயாச்சு. வரவு சுருங்கியும் ஓய்வூதியக்காரங்க கூடிக்கிட்டே போனா என்ன ஆகும்? 2023, 2024ல மதுரை காமராசர்ல சம்பளமும் ஓய்வூதியமும் மாசக்கணக்குல இழுத்துச்சு, வயசானவங்க வெயில்ல உக்காந்து போராடினாங்க, பேப்பர்ல போட்டோ பாத்தேன், மனசு கேக்கல.

சென்னைப் பல்கலைக்கழகக் கதை இன்னும் கொடுமை. 1857ல ஆரம்பிச்ச பல்கலைக்கழகம், 2024 பிப்ரவரியில வருமான வரித்துறை அதோட பேங்க் கணக்குகள முடக்குச்சு, 424 கோடி வரி பாக்கின்னு. அரசு பல்கலைக்கழகத்துக்கு எதுக்கு வரின்னு தோணும்ல, எனக்கும் தோணுச்சு. அரசு மானியம் மொத்த வரவுல பாதிக்கு மேல இருந்தாத்தான் அரசு நிதியில நடக்குற நிறுவனம்னு எடுத்துக்கிட்டு விலக்கு குடுப்பாங்களாம், மானியம் கொறஞ்சு பிள்ளைக கட்டுற ஃபீஸு கூடினதால அந்த விலக்கு பொருந்தாதுன்னு அவங்க வாதம். இத எங்க அப்பாகிட்ட சொன்னேன். "அப்ப காசு குடுக்காதது அரசாங்கம், தண்டம் கட்டுறது பள்ளிக்கூடமா"ன்னார். அவர் அஞ்சாவது வரைக்கும் படிச்சவர்.

மாநிலத்துக்கும் நெருக்கடி இருக்குங்கறத நான் மறுக்கல. 2025-26 பட்ஜெட்டுல வருவாய்ப் பற்றாக்குறையே 41 ஆயிரம் கோடிக்கு மேல. பள்ளிக்கல்விக்கு 46,767 கோடி, உயர்கல்விக்கு 8,494 கோடி ஒதுக்கினாங்க. மத்திய வரிப் பகிர்வுல 15ஆவது நிதிக்குழு நமக்குக் குடுத்தது 4.079 சதவீதம், பள்ளிகளுக்கான சமக்ர சிக்ஷா பணம் 2024-25க்கு 2,152 கோடிய டெல்லி தராம வச்சுக்கிச்சு, அந்தப் பள்ளத்தையும் மாநிலந்தான் தூக்கிக் கட்டணும். 1976ல கல்விய மாநிலப் பட்டியல்லேர்ந்து பொதுப் பட்டியலுக்கு எடுத்துட்டுப் போனவங்க விதி போடுற அதிகாரத்த வச்சுக்கிட்டாங்க, சம்பளம் குடுக்குற பாரம் பெரும்பாலும் இங்கயே நின்னுபோச்சு. கோத்தாரி குழு 1966ல நாட்டு வருமானத்துல 6 சதவீதம் கல்விக்கு வேணும்னு சொல்லுச்சு, நான் பொறக்கறதுக்கு எத்தனையோ வருஷம் முன்னாடி, இன்னும் அந்த எடத்துக்குப் போகல. இதெல்லாம் சரி. ஆனா மேல இருக்குற சண்டை எப்ப தீரும்னு பாத்துக்கிட்டு இருந்தா என் கிளாஸ்ல இருக்குற பிள்ளைகளுக்கு மூணு வருஷம் முடிஞ்சிரும். துணைவேந்தர் நியமனத்துல ஆளுநருக்கும் அரசுக்கும் நடந்த இழுபறியில பல பல்கலைக்கழகத்துல அந்த நாற்காலியே காலியா கெடந்துச்சு, பொறுப்புக் குழு வச்சு ஓட்டுனாங்க. வீட்ல பெரியவங்க இல்லாதப்ப காசு முடை வந்தா எப்படி இருக்கும், யாரு எத முடிவு பண்ணுவா?

நான் இப்ப மாவட்டத்துல ஒரு அரசு கல்லூரியில விலங்கியல் எடுக்குறேன், கௌரவ விரிவுரையாளர். 2023ல சம்பளத்த 20,000லேர்ந்து 25,000 ஆக்கினாங்க, வருஷத்துக்கு 11 மாசம், மே மாசம் கெடையாது. யு.ஜி.சி. 2019லயே ஒரு வகுப்புக்கு 1,500, மாசம் 50,000 வரைக்கும்னு சொல்லியிருக்கு. என் சம்பளத்தப் பத்தி மட்டும் பேச வரல, ஆனா ஒண்ணு சொல்லியாகணும். நிரந்தர எடம் காலியா இருந்தா அது பட்ஜெட்டுல மிச்சமாத் தெரியும். அந்த மிச்சம் எங்க முதுகு மேல கெடக்கு, எங்க வழியா பிள்ளைக முதுகுக்கும் போகுது. நான் போன வருஷம் மூணு பேரு எடுக்க வேண்டிய பாடத்த ஒத்த ஆளா எடுத்தேன். ப்ராஜெக்ட் வழிகாட்ட நேரம் எங்கேர்ந்து வரும்?

எங்க பிள்ளைகளச் சொல்லணும். சாயல்குடி, வாலிநோக்கம், ஏர்வாடி, கீழக்கரை, இந்தப் பக்கம் உச்சிப்புளி, பாம்பன், தங்கச்சிமடத்துலேர்ந்து பஸ்ல வர்றாங்க. புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1,000 வருது, 2022லேர்ந்து, அது வந்தப்பறம் பொம்பளப் பிள்ளைக நிக்காம வர்றத நான் கண்ணால பாக்குறேன், அந்த ஆயிரம் யாரும் கை வைக்கக் கூடாத காசு. ஒருத்தியோட அம்மா சின்னப்பாலத்துல பாசி எடுக்குறவங்க. விரல்ல துணி சுத்திக்கிட்டு, கால்ல தகரத்தட்டக் கட்டிக்கிட்டு மூழ்கி பாறையிலேர்ந்து பாசி பறிப்பாங்க. அந்தப் பிள்ளைக்கு மரிக்கொழுந்து எது, கஞ்சிப்பாசி எது, கட்டக்கோரை எதுன்னு தொட்டாலே தெரியும், நான் புத்தகத்துல லத்தீன் பேரோட படிச்சத அவ கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவா. அவளுக்குத் தெரியாதது அந்தப் பாசி வளர்ற தண்ணிய அளக்குறது, அத நாங்க சொல்லிக் குடுக்கணும். அதுக்குத்தான் அவ பஸ் ஏறி வர்றா.

தேர்வுக் கட்டணத்தப் பத்தி யாரும் பெருசாப் பேசறதில்ல. அரசு கல்லூரியில இளநிலைக்குக் கல்விக் கட்டணம் கிடையாது, அதனால படிப்பு இலவசம்னு வெளியில நெனைக்கறாங்க. பல்கலைக்கழகத்துக்கு மானியம் கொறைஞ்சா அவங்க சத்தமில்லாம ஏத்தக்கூடியது தேர்வுக் கட்டணம், அரியர் கட்டணம், சான்றிதழ் கட்டணம், இணைப்புக் கட்டணம். ஒரு தாளுக்கு ஐம்பது ரூபா கூடினா பேப்பர்ல செய்தி வராது. ஆனா அரியர் வச்சிருக்கறது யாரு? காலையில அப்பா கூட வலை பிரிச்சுட்டு வந்து கடைசி பெஞ்சுல தூங்குற பையன்தான் வச்சிருப்பான். இன்னொண்ணு, ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் இந்தக் கரையில விசைப்படகுக்குத் தடைக்காலம், 61 நாள். கோடைப் பரீட்சையும் அட்மிஷனும் சரியா அந்த நேரத்துலதான் வரும். படகுக்குப் போற வீட்ல தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய வச்சு ரெண்டு மாசம் ஓட்டணும், அப்பத்தான் ஃபீஸ் கட்டுற கடைசித் தேதியும், தாண்டினா அபராதமும். பல்கலைக்கழகத்துல நாள்காட்டி போடுறவங்க ஒருத்தராவது மண்டபம் ஜெட்டியில மே மாசம் வந்து நின்னு பாத்திருந்தா அந்தத் தேதிய ஒரு மாசம் தள்ளியிருப்பாங்க. அதுக்குக் காசே வேணாம்.

காசு கொறையறப்ப தலைமை வளாகத்த விட்டுத் தள்ளியிருக்குறதுதான் முதல்ல காயும். தமிழ்நாட்டுக் கரையில அரசுப் பல்கலைக்கழகங்களோட கடல் துறைகள் அங்கங்க இருக்கு, பரங்கிப்பேட்டையில அண்ணாமலை, தொண்டியில அழகப்பா, ராஜாக்கமங்கலத்துல மனோன்மணியம் சுந்தரனார். கடல் படிப்ப கடல் பக்கத்துலதான் வைக்கணும்னு யோசிச்சு வச்சவங்க பெரிய மனசுக்காரங்க. ஆனா அந்த மாதிரித் துறையில பிள்ளைக எண்ணிக்கை கம்மி, ஒரு பிள்ளைக்கு ஆகுற செலவு ஜாஸ்தி, எம்.பி.ஏ. எம்.சி.ஏ. மாதிரி ஃபீஸு வராது. எக்செல்ல போட்டுப் பாத்தா நஷ்டக் கணக்கு. எங்க கண்ணு முன்னாடி ஒரு பாடம் இருக்கு, கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் 1947ல தொடங்கினது, அதோட தலைமையகம் மண்டபம் கேம்ப்புலதான் இருந்துச்சு, 1971ல கொச்சிக்குப் போயிருச்சு. இப்பவும் மண்டபத்துல மண்டல மையம் இருக்கு, நல்லா வேலை செய்யறாங்க, 2019ல வந்தவங்களும் அவங்கதான். ஆனா பழைய ஆளுக அந்தத் தலைமையகத்துக் காலத்தப் பத்திப் பேசறப்ப முகம் மாறும், இங்கேர்ந்து போனது திரும்பி வராதுன்னு எங்க கரைக்குத் தெரியும்.

இங்க படிக்க என்ன இருக்குன்னு கேக்கறவங்களுக்கு. தெற்குப் பக்கம் மன்னார் வளைகுடா, 21 தீவு, 1986ல தேசியப் பூங்கா, 1989ல உயிர்க்கோளக் காப்பகம், 10,500 சதுர கிலோமீட்டர். 1998, 2010, 2016ல சூடு தாங்காம பவளப்பாறை பெருசா வெளுத்துச்சு. வடக்குப் பக்கம் பாக் விரிகுடா, தாழைன்னு நாங்க சொல்ற கடல்புல்ல மேயுற ஆவுளியாவுக்காக, அதான் கடல்பசுவுக்காக, 2022ல 448 சதுர கிலோமீட்டர் காப்பகம்னு தஞ்சாவூர் புதுக்கோட்டைக் கரையில அறிவிச்சாங்க, எங்க பக்கத்துலயும் அது வலையில மாட்டி வரும், எங்க ஆளுக அவுத்து விடுவாங்க. காரங்காட்டுல அலையாத்திக் காடு. இத்தனையும் பஸ் போற தூரத்துல வச்சுக்கிட்டு, பிள்ளைக்கு யூட்யூபுல பவளப்பாறை காமிக்கிற நிலைமைக்கு நாங்க வந்திருக்கோம். மாசா மாசம் ஒரே எடத்துல தண்ணி எடுத்து ஆக்சிஜன், உப்பு, சூடு எழுதி வச்சா பத்து வருஷத்துல அது ஒரு சொத்து. ஒரு வருஷம் காசு இல்லன்னு நிறுத்திட்டா அந்த வருஷத்துத் தண்ணிய அப்பறம் எந்தக் காசு குடுத்தும் மோக்க முடியாது. கட்டடத்த மூணு வருஷம் கழிச்சுக் கட்டலாம்.

கட்டடம்னு சொன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. அழகப்பச் செட்டியார் காரைக்குடியில மின்வேதியியல் ஆய்வகம் வரணும்னு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் குடுத்தார், 1948ல நேரு வந்து அடிக்கல் நாட்டினார், 1953ல திறந்தாங்க. தனி ஒரு மனுஷன், அந்தக் காலத்து 15 லட்சம், ஒரு பொட்டல்ல லேப் வரட்டும்னு. அந்த ஊர்லதான் 1985ல அழகப்பா பல்கலைக்கழகம் வந்துச்சு, நாக்குல 3.64 வாங்குச்சு, ரூசாங்கற உயர்கல்வித் திட்டத்துப் பணமும் வந்துச்சு, அதுல பெருமைப்பட நமக்கு உரிமை இருக்கு. ஆனா ரூசா மாதிரித் திட்டப் பணம் மத்திய அரசு 60, மாநிலம் 40ன்னு வரும், கருவி வாங்கலாம், கட்டடம் எழுப்பலாம், திட்டம் முடிஞ்சப்பறம் அந்தக் கருவிக்கு பராமரிப்பும் அத ஓட்டுற ஆளுக்குச் சம்பளமும் யாரு குடுக்கறது? மறுபடியும் அந்த மிச்சத்துலேர்ந்துதான்.

அப்பறம் இந்த ரேங்க். மத்திய அரசு கல்வி நிறுவனங்கள வரிசைப்படுத்துற என்.ஐ.ஆர்.எஃப். பட்டியல் 2016லேர்ந்து வருது, நூத்துக்கு ஆராய்ச்சிக்கு 30, கற்பித்தலுக்கும் வசதிக்கும் 30, தேர்ச்சி வேலைக்கு 20, வெளியார் மதிப்புக்கு 10. பெண்கள், வெளி மாநிலத்தவங்க, ஏழைப் பிள்ளைக, மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேரு படிக்கறாங்கன்னு பாக்குற பகுதிக்கு 10. ஒரு துணைவேந்தர் கையில கொஞ்சம் காசு இருந்தா எங்க போடுவார்? ஆராய்ச்சிக் கட்டுரை வர்ற எடத்துல போடுவார், அதுதான் ரேங்க ஏத்தும். என் கிளாஸ் பிள்ளை ஒருத்தி டைட்ரேஷன, அதான் அந்தச் சொட்டுக் கணக்க, சரியாப் பண்ணக் கத்துக்கிட்டா அது எந்தப் பட்டியல்லயும் ஏறாது.

என்னைக் கேட்டா நான் என்ன பண்ணுவேன்? வெட்டித்தான் ஆகணும்னா, அடுத்த ரெண்டு வருஷத்துக்குப் புது நுழைவாயில், புது அரங்கம், கிரானைட் வேலை எதுவும் வேணாம்னு பல்கலைக்கழகத்த நடத்துற சிண்டிகேட்டுல தீர்மானம் போடச் சொல்வேன். விழாச் செலவு, சால்வை, ஃப்ளெக்ஸ், வெளியூர் விருந்தினர் தங்குற செலவு அடுத்து. யாரும் தொறக்காத சாஃப்ட்வேர் சந்தாவ எண்ணிப் பாக்கச் சொல்வேன். லேப்புக்கும் களப்பயணத்துக்கும் தலைக்கு இவ்வளவுன்னு ஒரு தொகைய வருஷ ஆரம்பத்துலயே தனிக் கணக்குல போட்டுப் பூட்டிறணும், சம்பளத்துக்குப் போதலன்னாலும் அதத் தொடக் கூடாது, மிச்சத்துல கெடக்குற வரைக்கும் அது எப்பவும் முதல் பலிதான். சம்பளம் குடுக்குற பொறுப்ப அரசே நேரா எடுத்துக்கணும், 2013ல அண்ணாமலைப் பல்கலைக்கழகம் திவாலாகுற நிலைக்கு வந்தப்பறம் சட்டம் போட்டு எடுத்துக்கிட்டாங்க, அவ்வளவு தூரம் போய்த்தான் எடுக்கணும்னு இல்ல. அந்த நிதிப்பிரிவு அண்ணன்கிட்ட இத சொன்னப்ப, "பூட்டுறதெல்லாம் சரி தங்கச்சி, சம்பளம் வராத மாசம் ஒரு கடைநிலை ஊழியர் வந்து என் மேசை முன்னாடி நின்னு பிள்ளைக்கு ஆஸ்பத்திரிச் செலவுன்னு அழுதா, நான் ரசாயனக் காசப் பூட்டி வச்சிருக்கேன்னு சொல்ல முடியுமா?"ன்னு கேட்டார். அதுக்கு என்கிட்ட நேர் பதில் இல்ல, ரெண்டு நாளா அதையே யோசிச்சுக்கிட்டு இருந்தேன். அவரும் நானும் ஒரே தட்டுல இருக்குற சோத்துக்கு எதிர் எதிரா நிக்க வேண்டியதில்ல, தட்டச் சின்னதாக்கினது எங்க ரெண்டு பேருமே இல்லன்னு மட்டும் அவர்கிட்ட சொன்னேன்.

போன பருவத்துல ஒரு நாள் எங்க அப்பா வல்லத்துலயே அஞ்சு அஞ்சு பேரா பிள்ளைகளக் கூட்டிப் போனேன், டீசல் மட்டும் நாங்க போட்டுக்கிட்டோம். கச்சான் காத்து அடங்கின காலை நேரம், தண்ணி கண்ணாடி மாதிரி. சின்னப்பாலத்துப் பிள்ளைதான் பாட்டில முக்குனா, குமிழ் ஏறாம மூடி போட ரெண்டு தடவ தப்பி மூணாவது தடவ புடிச்சுட்டா. ரசாயனம் விட்டு ஆட்டினதும் பாட்டிலுக்குள்ள பழுப்பு மேகம் சுருள் சுருளா எறங்குச்சு. அஞ்சு பேரும் ஒண்ணும் பேசல. அப்பா இஞ்சின் பக்கத்துலேர்ந்து எட்டிப் பாத்து, "என்னாத்தா, இதுதான் அன்னைக்கு அண்ணன் கேட்டதா?"ன்னார். ஆமாப்பான்னேன். கரைக்கு வந்து டைட்ரேஷன் போட்டதுல லிட்டருக்கு 5.2 மில்லிகிராம் வந்துச்சு, தேதி, நேரம், எடம், காத்து எல்லாம் போட்டு ரெக்கார்டுல முதல் வரியா எழுதினா.

இந்தப் பருவத்துல மொத்தப் பிள்ளைகளையும் நாலு தடவ கூட்டிப் போறதுக்கு மதிப்பீடு எழுதிக் குடுத்திருக்கேன். ரெண்டு படகு வாடகை, டீசல், லைஃப் ஜாக்கெட், ரசாயனம், பாட்டில் எல்லாம் சேத்து 11,400 ரூபா. ஃபைல் மேல போயிருக்கு, நிதி நிலைமை தெரிஞ்சப்பறம் பாக்கலாம்னு சொல்லியிருக்காங்க. வாடை கெளம்பிட்டா சின்ன வல்லத்துல பிள்ளைகள ஏத்த அப்பா ஒத்துக்க மாட்டார், அதுக்கு முன்னாடி கையெழுத்தாகணும்.